பிள்ளையாருக்கு வைத்த பணிஸ்

கோதுமை மாவில் இரண்டு கரண்டி எடுத்து, அதைப்போல ஐந்து மடங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டினால் பசை வரும். எங்கள் ஊரில் செத்தவீட்டு நோட்டீஸ் ஒட்டுவதற்குப் பெடியன்கள் காய்ச்சுகிற அதே பசைதான். நான் அதை ஆறவைத்து, பணிஸ் என்று நாங்கள் சொல்லும் இனிப்பு பன்னின் மாவுக்குள் போட்டுப் பிசைவேன். முதல்முறை பார்த்தபோது என் தங்கச்சி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கென்ன விசராக்கா? பசையயா திங்கப் போறம்?"

"ஓம், பசையத்தான் திங்கப் போறம். வேணாமெண்டா நீ போய் ஓட்டோவில வாற பணிஸ வாங்கித் தின்."

பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஓட்டோவில் வரும் பணிஸில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. காலையில் வாங்கியதைப் பின்னேரம் தின்றால் பல் நோகும், அவ்வளவுதான். பசை போட்ட பணிஸ் மூன்று நாளைக்கு மெத்தென்று இருக்கும். பசை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிய்த்தால் நூல் நூலாகப் பிரியும். உள்ளே தேங்காய்ப்பூவும் சீனியும் பால்மாவும் சேர்த்துப் பிசைந்த உள்ளீடு. மேலே சுடச்சுடச் சீனிப்பாணி தடவினால் பளபளவென்று மினுங்கும். இது சீனர்களின் பணிஸ். இதை நான் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, வாவிக்கரை ஊரொன்றில், என் சொந்தக் குசினியில் செய்கிறேன். யாருக்காவது அது புதினமாக இருந்தால் அது அவர்களுடைய பாடு.

எங்கே கற்றாய் என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பத்தின் வீட்டில் ஆறு வருடம் வேலை செய்தேன். வீட்டுவேலை. "கொம்பனியில வேலை எண்டு சொல்லு" என்று எனக்கு எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். சொல்லமாட்டேன். கக்கூசு கழுவினேன், நிலம் துடைத்தேன், கிழவருக்குச் சாப்பாடு ஊட்டினேன், நாயைக் குளிப்பாட்டினேன். அதையெல்லாம் செய்துதான் என் மகளைப் படிக்கவைத்தேன், கூரைக்கு ஓடு போட்டேன். கொம்பனி என்று பொய் சொன்னால் அந்த ஆறு வருடமும் வேறு யாரோ வாழ்ந்ததாகப் போய்விடும்.

அந்தத் தொடர்மாடியின் கீழ்த்தட்டில் ஒரு பேக்கரி இருந்தது. புருசனும் பெண்சாதியும் நடத்தினார்கள். நான் குப்பை கொட்டப் போகும் வழியில்தான் அவர்களுடைய பின்கதவு. ஒரு நாள் அந்தப் பெண் ஒரு சிறிய சட்டியில் பசை காய்ச்சுவதைக் கண்டேன். எதற்கு என்று கையால் சாடை காட்டிக் கேட்டேன். போ, போ என்று அவள் கையை வீசினாள். அந்தக் கைவீச்சுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். சொல்லித் தந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். விரட்டியதால்தான் ஒவ்வொரு நாளும் குப்பை வாளியோடு அந்தக் கதவடியில் மெதுவாக நடந்தேன். ஒரு நாள் பசையின் நிறத்தைப் பார்த்தேன், இன்னொரு நாள் மா எவ்வளவு நேரம் புளிக்கிறது என்று பார்த்தேன். அவளுக்குத் தெரியாமல் அவளிடமிருந்து களவெடுத்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

ஊருக்கு வந்து செய்து பார்த்தபோது முதல் இரண்டு மாதமும் கல்லுத்தான் வந்தது. அங்கே ஒன்றரை மணித்தியாலம் எடுத்துப் பொங்குகிற மா இங்கே எங்கள் வெக்கைக்கு அரை மணித்தியாலத்தில் பொங்கிச் சரிந்து, கள்ளுப்போல மணக்கத் தொடங்கிவிடும். பிறகுதான் பிடிபட்டது. ஐஸ் தண்ணீரில் குழைக்க வேண்டும். குழைத்த சட்டியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நனைந்த சீமெந்து நிலத்தில் வைக்க வேண்டும். இதை எந்தச் சீனரும் எனக்குச் சொல்லவில்லை. இது மட்டக்களப்பு வெயில் சொல்லித் தந்தது.

இனி என் மகளின் தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். அவரும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு வந்தார். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கரடியனாற்றுப் பக்கம் ஒரு வயல் வட்டையில் நெல் வேளாண்மை வெட்டப் போனார். வெட்டு முடிந்து மற்ற எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. அங்கே அவருக்கு ஒரு பெண்ணும், பிறகு இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வந்த பெட்டியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த வருடம் நான் மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனேன்.

போன வருடம் மகள் பெரியபிள்ளையானாள். முறைப்படி அவளுடைய மாமிக்கு, அதாவது அவளின் தகப்பனுடைய அக்காவுக்கு, ஆள் அனுப்பினோம். சடங்கன்று பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்ப்பது மாமியின் உரிமை. எனக்கு மச்சாள் முறையான அவ மத்தியானத்துக்குள் வந்து இறங்கிவிட்டா. வந்து இறங்கியதிலிருந்து வீடு அவவுடைய கையில்.

மச்சாள் கெட்ட மனுசி இல்லை. அதுதான் எனக்குத் தொல்லை. நான் சிங்கப்பூரில் இருந்த ஆறு வருடமும், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மூட்டை நெல்லைத் தன் மகனின் தலையில் ஏற்றி என் தங்கச்சியிடம் அனுப்பினா. தம்பி செய்தது பிழை என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னவ. கெட்டவளாக இருந்தால் வாசலிலேயே வைத்துப் பேசித் தீர்த்திருப்பேன். நல்லவளிடம் வாய் திறப்பது கஷ்டம்.

அன்றைக்கு அவ என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, வெற்றிலையை மடித்தபடியே சொன்னா.

"இஞ்ச பாரு புள்ள, நான் உனக்கு எதிரா ஒண்டும் சொல்லல்ல. ஊர் முறையெண்டு ஒண்டு இரிக்கு. புருசன் பக்கத்தில இல்லாத பொம்புள பலகாரச் சட்டிக்கு முதல் கை வெக்கப்படாது. தண்ணி வாக்கக்குள்ளயும் முன்னுக்கு வராத. தட்டுத் தூக்காத. உள்ளுக்குள்ள நிண்டு பாரு. புள்ளைட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"புருசன் பக்கத்தில இல்லாததுக்கு நானா மச்சாள் காரணம்?"

"அது வேற கத."

"அப்ப அவர்?"

"தகப்பன் உசிரோட இரிக்கக்குள்ள வராம இரிக்கப்படாது. நான் சொல்லி அனுப்பிட்டன். அவன் வந்து புள்ளைக்குப் பக்கத்தில இரிப்பான்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. விட்டுப் போனவருக்கு, பிள்ளையை அலங்கரித்து இருத்தும் மணவறைக்குப் பக்கத்தில் கதிரை. விடப்பட்டவளுக்குக் குசினி. பத்து வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத கை நல்ல கை. அவளுக்காக உழைத்துத் தேய்ந்த கை கூடாத கை. இதை மச்சாளிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அவ அனுப்பிய நெல் மூட்டைகள் முன்னால் வந்து நின்றன. எழும்பி உள்ளே போய்விட்டேன்.

உள்ளறையில், மறைப்புச் சீலைக்குப் பின்னால், மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் பக்கத்தில் போய் இருந்ததும் ஒன்றும் தெரியாதவள் மாதிரிச் சொன்னாள்.

"அம்மா, பலகாரத் தட்டில அந்தச் சீன பணிஸும் வேணும். தேங்காப்பூ வெச்சது. நீங்கதான் எனக்குக் கொண்டு வந்து தரணும்."

"மாமி ஏசுவா மகள்."

"ஏசட்டும்."

பதின்மூன்று வயதில் அவளுக்கு இருந்த துணிவு முப்பத்தெட்டில் எனக்கு இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வருகிற எல்லோருக்கும் பணிஸ் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். மச்சாளிடம் கேட்கவில்லை, அறிவித்தேன். சடங்கு முடியும் வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை என்பதால் முட்டை சேர்க்காமல் செய்வேன் என்றும் சொன்னேன். மச்சாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செய். ஆனா நீ தட்டத் தூக்கிட்டுத் திரியாத. தங்கச்சிக்கிட்டக் குடு" என்றா.

பலகாரம் சுடும் நாள் சடங்குக்கு முதல் நாள். எங்கள் பக்கத்தில் அது ஒரு தனிக் கொண்டாட்டம். சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் காலையிலேயே வந்துவிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். பக்கத்தில் வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் குத்தி வைப்பார்கள். எண்ணெய் கொதித்ததும் முதலாவது பலகாரத்தைப் போடுவது புருசனோடு வாழுகிற, குறையில்லாத ஒரு பெண்ணின் கையாக இருக்க வேண்டும். அந்த முதல் பலகாரம் பிள்ளையாருக்கு. அது வெந்து வருகிற அழகைப் பார்த்துப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லுவார்கள். கருகினால் முகம் சுருங்குவார்கள். எங்கள் வீட்டில் முதலாவதாகப் போடுவது அரியதரம். அரிசிமாவையும் சீனியையும் பிசைந்து, முதல் நாளே சட்டியில் மூடி வைத்துச் சுடுகிற இனிப்பு.

வெளியே அடுப்பு மூட்டும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. நான் குசினிக்குள் பணிஸ் மாவைக் குழைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பது சின்ன மின்போறணை. ஒரு தடவைக்கு ஒன்பது பணிஸ்தான் வேகும். ஆகவே முதல் நாளே தொடங்கினால்தான் சடங்குக்கு முடியும். கோபம் இருக்கும் நாளில் மா குழைப்பது நல்லது. சும்மா நாட்களில் இருபது நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அன்றைக்கு எத்தனை நிமிடம் குழைத்தேன் என்று தெரியாது. பலகையில் தூக்கி அடித்தேன். மடித்தேன். உள்ளங்கையால் தள்ளினேன். கடைசியில் ஒரு துண்டைப் பிடித்து விரித்துப் பார்த்தபோது கிழியாமல் கண்ணாடித்தாள் போல விரிந்தது. அவ்வளவு நல்ல மா அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை.

அதை அலுமினியச் சட்டியில் போட்டு, வெள்ளைத் துணியால் மூடி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன். அரியதர மா இருந்த சட்டியும் அங்கேதான் இருந்தது. அதுவும் அலுமினியச் சட்டி, அதுவும் வெள்ளைத் துணி. நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அந்த இடைவெளியில் மச்சாள் பின்னாலிருந்து, "மாச் சட்டியக் கொண்டு வாங்கடி" என்று குரல் கொடுத்திருக்கிறா. என் தங்கச்சி ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

கிணற்றடியில் நிற்கும்போதே குரவை கேட்டது. பெண்கள் நாக்கைச் சுழற்றி இடும் அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். முதல் பலகாரம் எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். நான் அங்கே நிற்க வேண்டிய நேரத்தில் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குரவை முடிய வேண்டிய நேரத்தில் முடியவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகச் சத்தம் கூடியது. "என்ட அம்மாளே, இஞ்ச வந்து பாருங்களன்" என்று யாரோ கத்தினார்கள். ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

பிழை ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய்ச் சட்டிக்குள் ஒரு அரியதரம் பூரிபோல ஊதி மிதந்துகொண்டிருந்தது. அரியதரம் அப்படி ஊதாது. மெதுவாக மேலே வரும், தட்டையாகக் கிடக்கும். இதுவோ உருண்டு, தானாகவே மறுபக்கம் பிரண்டு, பொன்னிறமாகப் பொங்கியிருந்தது. பெண்கள் எல்லோரும் சட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். மச்சாளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நான் எத்தின சட்டிக்கு முதல் கை வெச்சிரிப்பன். இப்பிடி ஒண்ட நான் காணல்ல புள்ள. உன்ட மகள்ற வாழ்க்க இப்பிடித்தான் பொங்கும், பாரு" என்று அவ என்னைப் பார்த்தே சொன்னா. அதைக் கம்பியால் எடுத்து, எண்ணெயை வடியவிட்டு, வாழையிலையில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தா. கற்பூரம் கொளுத்தினார்கள்.

நான் கீழே இருந்த சட்டியை எட்டிப் பார்த்தேன். துணி பாதிதான் விலகியிருந்தது; பேச்சு மும்முரத்தில் மச்சாள் பார்க்காமலே கையை விட்டுக் கிள்ளிப் போட்டிருக்கிறா. கிள்ளிய இடத்தில் மா நூல் நூலாக இழுபட்டுக் கிடந்தது. குமிழி குமிழியாகப் பொங்கத் தொடங்கியிருந்தது. அரிசிமா எந்தக் காலத்திலும் அப்படி இழுபடாது. அது என் பணிஸ் மா.

நிமிர்ந்தேன். தங்கச்சியும் சட்டியைப் பார்த்துவிட்டாள். அவளுடைய முகம் வெளுத்துப் போயிருந்தது. சொல்லாதே என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் பேசாமல் இருக்கத்தான் தோன்றியது. எல்லோரும் சந்தோசமாக நிற்கிறார்கள். பிள்ளைக்கு நல்ல வார்த்தை விழுந்திருக்கிறது. நெல் அனுப்பிய மனுசியை இத்தனை பேருக்கு முன்னால் ஏன் தலைகுனிய வைக்க வேண்டும்? சட்டியை மெல்ல மாற்றிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் நான் வாய் மூடினால் நாளைக்குக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். என் கை பிள்ளைக்குக் கூடாது என்று சொன்னதற்கு நானும் ஓம் போட்டதாகிவிடும். கூடாத கை குழைத்த மா அங்கே பிள்ளையாருக்கு முன்னால் பொன்னாக மினுங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே என் கை கூடாது என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

"மச்சாள்," என்றேன். "அது அரியதரம் இல்ல. என்ட பணிஸ் மா. நான் குழைச்சது."

சிரிப்பு நின்றது.  மச்சாள் சட்டியைப் பார்த்தா, தன் விரல்களை முகர்ந்து பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"முட்ட போட்டியா?"

"இல்ல மச்சாள். பாலும் மாஜரினும்தான்."

"மறுகா ஏன் புள்ள சொன்னாய்? பேசாம இரிந்திரிக்கலாமே."

"நாளைக்குக் கதவுக்குப் பின்னால நில் எண்டு சொன்னீங்களே. அதாலதான் சொன்னன்."

யாரோ ஒரு பெண் அவசரமாக, "அதுக்கென்ன, இத எடுத்துப் போட்டு அரியதரம் ஒண்டு சுட்டு வெப்பம். மனசறியச் செய்யல்லதானே" என்றாள். இரண்டொரு பேர் ஓம் ஓம் என்றார்கள்.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை.

"எடுங்க. பிள்ளையாருக்கு வெச்சத எடுக்க ஏலுமானவ ஆரோ, வந்து எடுங்க. நான் மறிக்கல்ல."

ஒருத்தரும் அசையவில்லை. சாமிக்குப் படைத்ததைத் திரும்ப எடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். எல்லோரும் மச்சாளைப் பார்த்தார்கள். அவ அந்த இலையைப் பார்த்தா. பிறகு என் சட்டியைத் துணியால் மூடி, என் பக்கம் தள்ளினா.

"வெச்சது வெச்சதுதான். உன்ட மாவ நீ கொண்டு போ. அரியதரச் சட்டிய அனுப்பு."

அவ்வளவுதான். நாளைக்கு முன்னால் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பின்னேரம் வரை என்னோடு பேசவுமில்லை.

மறுநாள் விடிய முன்பே எழும்பி, புதிதாக மா குழைத்து மிச்சப் பணிஸைச் சுட்டேன். மாவை எலுமிச்சங்காய் அளவில் வெட்டி, உள்ளங்கையில் தட்டி, ஓரம் மெல்லிசாகவும் நடு தடிப்பாகவும் வைத்து, உள்ளீட்டை வைத்துக் கிள்ளி மூட வேண்டும். கிள்ளிய பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகும்போது வாய் பிளந்து தேங்காய்ப்பூ வெளியே வந்து கருகும். மேலே பால் தடவிப் போறணைக்குள் வைத்தால் பதினெட்டு நிமிடம். எடுத்த உடனே பாணி. ஒன்பது ஒன்பதாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

வாசலில் ஓட்டோச் சத்தங்கள் கேட்டன. அவரும் வந்துவிட்டார் என்று தங்கச்சி ஓடிவந்து சொன்னாள். மீசைக்கு மை பூசியிருக்கிறாராம். பிறகு மகளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போகும் ஆரவாரம். மாமி தண்ணீர் வார்க்கிறா, குரவை எழும்புகிறது. அந்த நேரம் என் கடைசித் தட்டு போறணைக்குள் இருந்தது. விட்டுவிட்டு வர முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஓடியிருக்கலாம். நேற்று அவ்வளவு வாய் பேசியவளுக்கு இன்றைக்குக் கால் வரவில்லை. என் பிள்ளையின் தலையில் தண்ணீர் விழுவதை நான் காணவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானேதான் நின்றேன்.

குரவை ஓய்ந்தது. போறணை மணி அடித்தது. கடைசித் தட்டுக்குப் பாணி தடவும்போது அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு தலையை வாரினேன். பெட்டிக்குள்ளிருந்த மாம்பழ நிறச் சீலையை எடுத்து, மாப் படிந்த குசினிக்குள்ளேயே உடுத்தேன். தங்கச்சி தட்டை வாங்கக் கையை நீட்டினாள்.

"விடு. நான் கொண்டு போறன்."

"அக்கா, தட்டுத் தூக்காதெண்டு மச்சாள் சொன்னதெல்லுவா?"

"கேட்டன். விடு."

முன் விறாந்தையில் மணவறை வைத்திருந்தார்கள். மகள் சிவப்புச் சீலையும் தலை நிறையப் பூவுமாக இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கதிரைகள். ஒன்றில் மச்சாள், மற்றதில் அவர். படம் எடுப்பவர் குடை விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் தட்டோடு வாசலைக் கடந்தேன். மச்சாள் என்னைக் கண்டா.  மறிக்கவில்லை.

நேரே மகளிடம் போனேன். பெரிய பணிஸாகப் பார்த்து எடுத்து அவளுடைய வாயருகே பிடித்தேன். பெரிய கடியாகக் கடித்தாள். உதட்டுச் சாயம் பணிஸில் ஒட்டியது. "சூடா இரிக்கு" என்று வாயை நிரப்பிக்கொண்டே சிரித்தாள். அவளுடைய கண்ணும் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு மச்சாளிடம் தட்டை நீட்டினேன். அவ ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. திரும்பினேன். அவர் தானாகவே கையை நீட்டிக்கொண்டு இருந்தார், எந்தக் கலியாண வீட்டிலும் தட்டு வந்தால் நீட்டுவதுபோல. பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கையைக் காண்கிறேன். கொடுக்காமல் தாண்டிப் போயிருக்கலாம். எத்தனை தடவை மனதுக்குள் அப்படித் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் அது என் வீடு. என் வீட்டில் நீட்டிய கையை நான் வெறுங்கையாக விடமாட்டேன்.

"எடுங்க," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "வந்த ஆக்களுக்குத்தான் செஞ்சது."

பின்னால் என் தங்கச்சி களுக்கென்று சிரித்தாள். அவருடைய முகம் கறுத்தது. எடுத்த பணிஸைத் திரும்ப வைக்கவும் முடியாது. அவசரமாகக் கடித்தார். பாணி விரலெல்லாம் வழிந்தது, மை பூசிய மீசையில் தேங்காய்ப்பூ ஒட்டியது. துடைப்பதற்கு அங்கும் இங்கும் பார்த்தார். புது வேட்டியில் துடைக்க மனம் வரவில்லைப் போலும். எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனார்.

நான் தட்டைத் தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டு, என் மகளுக்குப் பக்கத்தில் அந்தக் கதிரையில் இருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் எடுப்பவர் எங்கள் பக்கம் கமராவைத் திருப்பினார். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "முந்தானைய உதறு புள்ள, மா ஒட்டியிரிக்கு" என்றா.

உதறினேன். கை கழுவப் போனவர் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். நான் எழும்பவில்லை.